தெர்மோகோல் இறக்கையின் சொரசொரப்பு: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

பாலக்கோடு பக்கம் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. மோட்டார் இல்லாமல் மிதந்து போகும் மாடல் விமானமான கிளைடருக்காக, ஒரே அச்சை வைத்து, சூடான கம்பியால் வெட்டிய இரண்டு தெர்மோகோல் இறக்கைகள். நீளம் 90 செ.மீ., அகலம் 12 செ.மீ. ஒன்றின் மேல் பழுப்பு பேக்கிங் டேப் ஒட்டி வழவழவென்று ஆக்கியிருக்கிறார்கள். இன்னொன்றை வெட்டியபடியே விட்டிருக்கிறார்கள். டேப்பின் எடைக்கு ஈடாக, டேப் இல்லாத கிளைடரில் களிமண் உருண்டை வைத்து எடையைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். ஏரிக்கரை மேல் நின்று வீசினால், சொரசொரப்பான இறக்கைதான் ஒவ்வொரு முறையும் அதிக தூரம் போகிறதாம். “வழவழப்பாக இருந்தால்தானே காற்று தடையில்லாமல் போகும்? எங்கள் சாரும் அப்படித்தான் சொல்கிறார். எங்கே தப்பு செய்தோம் அண்ணா? அடுத்து மோட்டார் வைத்து, 25 செ.மீ. அகல இறக்கையில், பறக்கவிடக் கற்றுக்கொள்ள ஒரு டிரெய்னர் விமானம் கட்டப்போகிறோம். அதற்கு டேப் ஒட்டலாமா, வேண்டாமா?” என்று கேட்கிறார்.

தப்பு எதுவும் செய்யவில்லை, தம்பி. எடையைச் சரிக்கட்டி, ஒரே அச்சில் வெட்டி, ஒரே இடத்திலிருந்து வீசியிருக்கிறீர்கள். வருடக்கணக்கில் விமானம் கட்டுகிறவர்களே இந்த ஒழுங்கோடு சோதித்துப் பார்ப்பது குறைவு. உங்கள் சார் சொன்னதும் சரிதான், ஆனால் அது ஆள் ஏறிப் பறக்கும் விமானத்துக்குப் பொருந்துவது. 12 செ.மீ. இறக்கைக்குக் காற்று வேறு மாதிரி நடந்துகொள்ளும். அது எந்த இடத்தில் மாறுகிறது என்று கணக்குப் போடத் தெரிந்துவிட்டால், டேப் கேள்விக்கு நீங்களே விடை சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் கணக்குக்குப் பெயர் ரெனால்டு எண். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தை இழை போல விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடும்போது சாயம் நூல் பிடித்தாற்போல நேராகப் போனது. வேகம் கூடியதும் ஓரிடத்தில் கலைந்து குழாய் முழுக்கப் பரவியது. பிளஸ் ஒன் இயற்பியலில் வரிச்சீர் ஓட்டம், சுழற்சி ஓட்டம் என்று படித்தீர்களே, அவை இந்த இரண்டும்தான். சுழற்சி ஓட்டத்தைக் கொந்தளிப்பு என்று சொன்னால் எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது, அப்படியே எழுதுகிறேன்.

மாடல் விமானத்துக்கு இதைக் கணக்கிடுவது சுலபம். விநாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்பதை, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை உள்ள அகலத்தால், அதுவும் மீட்டரில், பெருக்குங்கள். வருவதை 70,000-ஆல் பெருக்குங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த 70,000 கடல் மட்டத்தில், 15 டிகிரி குளிரில் இருக்கும் காற்றுக்கானது. தர்மபுரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 470 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை வெயிலில் 37, 38 டிகிரி அடிக்கும்போது இங்கே காற்று மெலிந்திருக்கும், அதன் பிசுக்கும் கொஞ்சம் கூடியிருக்கும். நம் ஊருக்கு 57,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர் இன்னும் உயரம், 900 மீட்டரை ஒட்டி வரும். ஆனால் மார்கழி விடியற்காலையின் குளிர் அங்கே கைகொடுக்கும், 61,000 போடலாம். மெலிந்த காற்றில் விமானம் கொஞ்சம் வேகமாகப் பறந்தாக வேண்டும் என்பதால் இழந்ததில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்துவிடும். ஆனாலும் வெளிநாட்டில் ஒருவர் தன் கிளைடரைப் பற்றி எழுதியதை அப்படியே எடுத்து தர்மபுரி வெயிலில் பொருத்தினால் கணக்கு இடிக்கும்.

உங்கள் கிளைடர் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொண்டால், 7 பெருக்கல் 0.12 பெருக்கல் 57,000. ஏறக்குறைய 48,000 வருகிறது. நீங்கள் கட்டப்போகும் டிரெய்னர் 25 செ.மீ. அகலத்தில் 14 மீட்டர் வேகத்தில் பறந்தால் 2 லட்சம். நான்கு பேர் உட்காரும் சின்ன செஸ்னா விமானம் 50 லட்சத்தைத் தாண்டும். 48,000, 2 லட்சம், 50 லட்சம்: சொரசொரப்பு இந்த மூன்றுக்கும் மூன்று விதமாக வேலை செய்யும்.

காரணம் இறக்கைத் தோலை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலத்தில் இருக்கிறது. லுட்விக் பிராண்ட்டில் (Prandtl) என்ற ஜெர்மானிய அறிஞர் 1904-இல் விளக்கியது இதைத்தான். இறக்கையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று நகர்வதே இல்லை. அதற்கு மேலே மேலே போகப் போக வேகம் கூடி, சில மில்லிமீட்டர் உயரத்தில் முழு வேகம் வந்துவிடும். வாய்க்காலில் கரையோரத் தண்ணீர் தயங்கி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது மாதிரி. இந்த எல்லைப்படலம் இறக்கையின் மேல்பக்கம் எப்படிப் பயணம் செய்கிறது என்பதுதான் விஷயம்.

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சமதரையில் வேகம் எடுக்கும். பிறகு தொப்பூர் கணவாயின் ஏற்றம். இறக்கையின் மேல்பக்கத்திலும் அப்படித்தான். முன்விளிம்பைத் தாண்டியதும் காற்று வேகம் எடுக்கிறது, அழுத்தம் குறைகிறது. தடித்த பகுதியைக் கடந்த பின் பின்விளிம்பு வரைக்கும் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. அதாவது காற்று ஏற்றத்தில் ஏற வேண்டும். வரிச்சீராக ஓடும் படலத்தில் தோலை ஒட்டிய காற்று ஏற்கெனவே சோர்ந்திருக்கும். மேலே வேகமாகப் போகும் காற்றோடு அதற்கு ஒட்டுறவே கிடையாது. பாதி ஏற்றத்தில் நின்று, பின்வாங்கி, இறக்கையை விட்டே விலகிவிடும். கொந்தளிப்பான படலத்தில் மேலிருக்கும் வேகக் காற்று கீழே இறங்கி, சோர்ந்த காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உராய்வு கூடத்தான் செய்யும், ஆனால் லாரி கணவாயைத் தாண்டிவிடும்.

1912-இல் குஸ்தாவ் ஈஃபெல், பாரிஸ் கோபுரம் கட்டிய அதே ஈஃபெல்தான், காற்றுச் சுரங்கத்தில் உருண்டையை வைத்துச் சோதித்தார். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் உருண்டையின் இழுவை, அதாவது காற்று அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை, திடுக்கென்று விழுவதைக் கண்டார். 1914-இல் பிராண்ட்டில் ஓர் உருண்டையைச் சுற்றி மெல்லிய கம்பி வளையம் ஒன்றை ஒட்டினார். அந்தச் சின்னத் தடை படலத்தைக் கொந்தளிக்க வைத்ததும், குறைந்த வேகத்திலேயே இழுவை விழுந்துவிட்டது. கோல்ஃப் பந்தின் குழிகள் செய்யும் வேலையும் இதுவேதான். அப்படியானால் போயிங் இறக்கையிலும் குழி போடலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே படலம் தானாகவே முன்பக்கத்திலேயே கொந்தளித்துவிடுகிறது. குழி போட்டால் உராய்வுதான் கூடும்.

இப்போது உங்கள் 48,000-க்கு வருவோம். இந்த அளவில் வழவழப்பான, கொஞ்சம் தடித்த இறக்கையில் படலம் வரிச்சீராகவே போய், பாதி வழியில் பிய்த்துக்கொள்ளும். பிய்ந்த காற்று கொஞ்ச தூரம் போய்க் கொந்தளித்து மறுபடி இறக்கையில் வந்து ஒட்டினால், நடுவில் ஒரு செத்த காற்றுக் குமிழி உட்கார்ந்திருக்கும். 50,000-க்குக் கீழே பெரும்பாலும் அது திரும்ப ஒட்டுவதே இல்லை. அதற்குள் பின்விளிம்பு வந்துவிடும். உங்கள் டேப் இறக்கையில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். டேப் இல்லாத இறக்கையில் கம்பி வெட்டிய கோடுகளும், தெர்மோகோல் மணிகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களும் படலத்தை நலுக்கிக்கொண்டே வருகின்றன. அவை அந்த இடத்திலேயே கொந்தளிக்க வைக்கும் அளவுக்குப் பெரியவை இல்லை. ஆனால் நலுங்கி வந்த படலம் பிய்ந்தவுடன் சீக்கிரம் கொந்தளித்துத் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுதல்தான் உங்களுக்குக் கூடுதல் தூரமாகத் தெரிந்தது.

இதற்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். தட்டையான பலகைக்கான பாடநூல் சூத்திரத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 48,000-இல் கொந்தளிப்பான படலத்தின் உராய்வு, வரிச்சீர் படலத்தைப் போல 1.4 மடங்கு. 2 லட்சத்தில் இரண்டு மடங்குக்கு மேல். 50 லட்சத்தில் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. சின்ன இறக்கைக்கு விலை குறைவு, லாபம் அதிகம். பெரிய விமானத்துக்கு விலை மிக அதிகம், லாபமே இல்லை. ஆள் ஏறும் கிளைடர்க்காரர்கள் இறக்கையைக் கண்ணாடி போலத் தேய்த்துத் தேய்த்து வைப்பது இந்த ஆறு மடங்குக்குப் பயந்துதான்.

மாடல் விமானத்தில் இதை முதலில் முறையாக அளந்து பார்த்தவர் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் என்ற ஜெர்மானியர். 1940-களின் தொடக்கத்திலேயே என்-60 என்ற தடித்த இறக்கை வடிவத்தையும், வெறும் வளைந்த தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். குறைந்த ரெனால்டு எண்ணில் வளைந்த தகடு ஜெயித்தது. அந்தத் தடித்த வடிவத்துக்கு முன்னால் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டியபோது, எந்த ரெனால்டு எண்ணுக்குக் கீழே அது சீர்கெடுகிறதோ அந்த எல்லை இன்னும் கீழே இறங்கியது. 1990-களிலிருந்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் செலிக் குழுவினர் மாடல் விமானங்களுக்கான எத்தனையோ இறக்கை வடிவங்களை அளந்து, எண்களைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. குமிழி பெரிதாக வரும் வடிவங்களுக்கு, படலத்தைக் கலைக்க முன்பக்கம் மெல்லிய பட்டை ஒட்டினால் நல்ல முன்னேற்றம் தெரியும். குறைந்த வேகத்துக்கென்றே வரைந்த எஸ்டி-7037 மாதிரியான வடிவங்களுக்கு அதே பட்டையால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வடிவமே அந்த வேலையைப் பார்த்துவிடுகிறது. எனவே 12 செ.மீ. கிளைடரை அடுத்த முறை கட்டும்போது, சொரசொரப்பைத் தேடிப் போவதற்கு முன் தடிமனைக் குறைத்துப் பாருங்கள். 12 சதவீத தடிமன் என்றால் 14 மி.மீ. வரும். அதை 8 அல்லது 9 மி.மீ. ஆக்குங்கள். உங்கள் இரண்டு இறக்கையையும் அது தோற்கடிக்கும்.

டிரெய்னருக்கு டேப் ஒட்டுங்கள். 2 லட்சத்தில் படலத்துக்கு வெளியிலிருந்து நலுக்கல் அவ்வளவாகத் தேவைப்படாது. மோட்டார் விமானத்தில் முன்னால் சுற்றும் புரொபெல்லர் வேறு இறக்கையின் நடுப்பகுதியில் காற்றைக் கலக்கிவிடுகிறது. ஆனால் டேப் ஒட்டச் சொல்வதற்கு முதல் காரணம் வலிமை. டேப் போட்ட தெர்மோகோல் எளிதில் முறியாது, கல்லில் பட்டாலும் அவ்வளவு சீக்கிரம் பள்ளம் விழாது. பளபளப்பு கூடுதல் வரவு, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஒட்டினால் சதுர மீட்டருக்கு 40, 45 கிராம் வீதம் எடை ஏறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 400 கிராம் விமானத்தில் 40 கிராம் கூடினால், பறக்கத் தேவையான வேகம் 5 சதவீதமும், மோட்டார் கொடுக்க வேண்டிய சக்தி 15 சதவீதமும் கூடும். சாதாரண டிரெய்னரில் தோலை எவ்வளவு தேய்த்தாலும் இந்த 15 சதவீதத்தை மீட்பது கஷ்டம். அதனால்தான் சுவருக்குப் பட்டி பார்க்கிற மாவை இறக்கையில் அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொண்டுவருபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். அவ்வளவு உழைப்பும் எடையாக மாறியிருக்கும். ஸ்பிரே பெயின்ட் அடிப்பதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும், அதன் கரைப்பான் தெர்மோகோலையே தின்றுவிடும். தண்ணீரில் கலக்கும் பெயின்ட்தான் பாதுகாப்பு.

எவ்வளவு வழவழப்பு போதும்? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. கொந்தளிப்பான படலத்துக்கு அடியில் இருக்கும் மேடுபள்ளம் ஓர் அளவுக்குள் இருந்தால் காற்றுக்கு அது தெரியவே தெரியாது. டிரெய்னரின் 14 மீட்டர் வேகத்துக்கு அந்த அளவு சுமார் 0.12 மி.மீ. விநாடிக்கு 60 மீட்டரில் போகும் பெரிய விமானத்துக்கு 0.025 மி.மீ. தான். 120 நம்பர் உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளின் அளவே 0.12 மி.மீ. வரும். ஆக, மாடலை 400 நம்பர் தாளில் ஒருமுறை தேய்த்தால் தாராளம். 1000, 2000 என்று வாட்டர் பேப்பர் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தை, இறக்கையின் மேல் அலை போல ஏறி இறங்கும் மேடுகளைச் சரிசெய்யச் செலவழியுங்கள் என்பேன். என் மச்சான் பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறார். ஒருமுறை என் இறக்கையை அவரிடம் காட்டினேன். 600 நம்பர் வரை தேய்த்து, பால் போல இருந்தது. அவர் விரலால் தடவிக்கூடப் பார்க்கவில்லை. ஷெட்டுக்குள் கொண்டுபோய், இறக்கையைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் படுக்கிற மாதிரி அடித்தார். முன்விளிம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, நீளவாக்கில் ஒரு நிழல் கோடு எழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கம்பி வெட்டும்போது நான் கை தயங்கிய இடங்கள் அவை. “பாலிஷ் ஏறியிருக்கு மாமா, மட்டம் ஏறல” என்றார். அவர்கள் ஸ்லாப்பைச் சரிபார்ப்பதும் அப்படித்தான், டியூப்லைட்டின் பிம்பம் கல்லில் நேராகத் தெரிகிறதா நெளிகிறதா என்று. பளபளப்பான பிளாஸ்டிக் பிலிம் ஒட்டிய இறக்கைக்கும் இதே சோதனை எடுபடும். டியூப்லைட் பிம்பம் எங்கே நெளிகிறதோ, அங்கே அழுத்தம் ஏறி இறங்குகிறது, படலம் அங்கேதான் பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். நெளிவு பின்பாதியில் இருந்தால் விட்டுவிடலாம். மேல்பக்கத்தின் முன் கால்பங்கில் இருந்தால் கட்டாயம் சரிசெய்யுங்கள். பால்சா என்ற லேசான மரத்தில் செய்த எலும்புக்கூட்டின் மேல் பிலிம் ஒட்டுகிறவர்கள், முன் கால்பங்குக்கு மெல்லிய பால்சா தகடு போட்டு மூடுவதற்கு இதுவும் ஒரு காரணம், எலும்புகளுக்கு நடுவே பிலிம் தொய்ந்துவிடாமல் இருக்க.

டேப் ஒட்டும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். பின்விளிம்பில் தொடங்கி முன்னோக்கி வாருங்கள். ஓடு வேய்வது போல, முன்னால் இருக்கும் பட்டை பின்னால் இருப்பதன் மேல் ஏறி உட்கார வேண்டும். அப்போது காற்று விளிம்பைத் தூக்கிவிடாது. கடைசியாக முன்விளிம்பைச் சுற்றி ஒரே பட்டை, மேலும் கீழும் சமமாக மடியும்படி. அகலமான 72 மி.மீ. டேப் கிடைத்தால் அதை வாங்குங்கள், மேல்பக்கம் 36 மி.மீ. வரை இணைப்பே இல்லாமல் போகும். டேப்பை இழுத்து ஒட்டாதீர்கள். பின்னால் அது சுருங்கும்போது இறக்கை முறுக்கிக்கொள்ளும். உங்கள் டேப் இறக்கை பின்தங்கியதற்கு இந்த முறுக்கலும் ஒரு காரணமாக இருக்கலாம், மேசையில் வைத்து இரண்டு முனையையும் ஒருமுறை பாருங்கள்.

வேண்டாத இடத்தில் வரும் சொரசொரப்பு எப்படி இருக்கும் என்று ஒரு மார்கழியில் பார்த்தேன். ஓசூர் பக்கம் அறுவடை முடிந்த கேழ்வரகுக் காடு, விடிந்தும் விடியாத நேரம். 20 செ.மீ. அகலத்தில் பிலிம் ஒட்டிய கிளைடரைக் காரிலிருந்து எடுத்து வரப்பில் வைத்துவிட்டு, ரிமோட்டைச் சரிபார்க்கப் போனேன். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். எடுத்து வீசினேன். முந்தின நாள் கை விட்டதும் மிதந்து போனது, அன்று மூக்கைத் தூக்கினால் மிதக்காமல் பொத்தென்று இறங்கியது. எடுத்துப் பார்த்தால் முன்விளிம்பு முழுக்கப் பனித்துளி. வியர்வை பூத்த மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர். தோள் துண்டால் துடைத்துவிட்டு வீசினேன், பழையபடி மிதந்தது. ஒரு மில்லிமீட்டர் துளி அந்த அளவுக்கு மிகப் பெரிய மேடு. அதுவும் முன்விளிம்பிலேயே உட்கார்ந்தால் படலத்தை ஆரம்பத்திலேயே தடிக்க வைத்துவிடும், தடித்த படலத்தால் ஏற்றத்தில் ஏற முடியாது. ஆள் ஏறிப் பறக்கும் விமானத்திலும் இது நடந்திருக்கிறது. பர்ட் ரூட்டன் வடிவமைத்த வேரிஈஸி என்ற சிறு விமானத்துக்கு மூக்கருகே ஒரு குட்டி இறக்கை உண்டு. மழையில் நனைந்தால் அந்தக் குட்டி இறக்கையின் தூக்கு விசை குறைந்து, மூக்கு தாழத் தொடங்கும், விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு மழைக்கு அசராத வேறு வடிவத்தை வரைந்து மாற்றினார்கள்.

நம் பக்கத்துச் செம்மண் புழுதியும் அப்படித்தான். டேப்பில் புழுதி ஓடி ஒட்டிக்கொள்ளும், முன்விளிம்பில் பூச்சி அடித்துக் காய்ந்திருக்கும். ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும். இதைவிட ஆபத்தானது ஒரு பக்கம் மட்டும் வரும் கோளாறு. சீமைக்கருவேலம் புதரில் இறங்கிய என் டிரெய்னரின் வலது முன்விளிம்பு நசுங்கியது. பசையை அப்பி ஒட்டினேன், காய்ந்ததும் கட்டிகட்டியாக நின்றது, தேய்க்காமல் விட்டுவிட்டேன். நேராகப் பறக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்துத் திரும்பியபோது வலது இறக்கை மட்டும் முதலில் தூக்கு விசையை இழந்து, அந்தப் பக்கமே சாய்ந்து சுழன்று விழுந்தது. சொரசொரப்பு என்றாலும் வழவழப்பு என்றாலும் இரண்டு இறக்கையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பழுதுபார்த்தால் 120 நம்பர் தாளில் தேய்த்து, அட்டையில் வெட்டிய முன்விளிம்பு அச்சை வைத்து இரண்டு பக்கமும் ஒத்துப்பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 3டி பிரின்ட் இறக்கை என்றால் செங்குத்தாக நிற்க வைத்து அச்சடியுங்கள். அடுக்குக் கோடுகள் காற்று போகும் திசையிலேயே அமையும், தொந்தரவு இல்லை. படுக்கவைத்து அச்சடித்தால் முன்விளிம்பில் படிக்கட்டு விழும். சுறாத் தோல் மாதிரி நுண்வரிகள் பற்றியும் கேட்பார்கள். அவை கொந்தளிப்பான படலத்தின் உராய்வைக் குறைக்கும் என்பது உண்மை, ஆய்வுக்கூடத்திலேயே அதிகபட்சம் 8 சதவீதத்தை ஒட்டித்தான் கிடைக்கும். கையால் செய்கிற இறக்கைக்கு அந்த ஆசை வேண்டாம். தட்டானின் இறக்கையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், மடிப்பு மடிப்பாக ஓலைக் கீற்று போல இருக்கும். அதன் ரெனால்டு எண் சில ஆயிரம்தான். அந்த அளவில் மடிப்புக்குள் சின்னச் சுழிகள் தங்கிக்கொள்ள, மேலே போகும் காற்று அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. எண் எவ்வளவு சிறிதாகிறதோ, அவ்வளவுக்கு வழவழப்பின் மதிப்பும் இறங்குகிறது.

இனி உங்கள் சோதனையை ஒரு படி மேலே கொண்டுபோகலாம். டேப் ஒட்டிய அந்த இறக்கையைத் தூக்கிப்போடாதீர்கள். மேல்பக்கம், முன்விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி, இரண்டு முனைவரை நேராகப் பென்சில் கோடு போடுங்கள். வீட்டில் பூக்கட்டுகிற நூல் இருக்கும், அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பக்கமாக வரும் நூலாக எடுத்து, அந்தக் கோட்டின் மேல் பசையால் ஒட்டுங்கள். 7 மீட்டர் வேகத்துக்கு அந்தக் கனம் வேண்டும், தையல் நூல் மெல்லிசு, அதைப் படலம் கண்டுகொள்ளாது. நூல் வேண்டாம் என்றால் இன்சுலேஷன் டேப்பை 3 மி.மீ. அகலத்தில் கீறி நாலு அடுக்காக ஒட்டினாலும் அரை மில்லிமீட்டர் வந்துவிடும். டெய்லர் கடையில் துணி ஓரம் வெட்டும் ஜிக்ஜாக் கத்தரி கிடைத்தால், பட்டையின் முன் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டுங்கள். நேர்க்கோட்டைவிட அது படலத்தை நன்றாகக் கலைக்கும். கீழ்ப்பக்கம் எதுவும் ஒட்ட வேண்டாம்.

காலை ஆறரைக்குள், இலை அசையாத நேரத்தில் போங்கள். ஆடி மாதம் இதைச் செய்யவே முடியாது, காற்று விடாது. ஓசூர்க்காரர்கள் யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் பெலகொண்டபள்ளி விமான ஓடுதளத்துக்குப் பக்கமே போகக் கூடாது. கரையின் உயரத்தை ஒரு தடவை கயிறு விட்டு அளந்துகொள்ளுங்கள். கரை 4 மீட்டர், கிளைடர் போன தூரம் 24 மீட்டர் என்றால், ஒரு மீட்டர் இறங்க ஆறு மீட்டர் போகிறது. சொரசொரப்பான இறக்கை, டேப் இறக்கை, நூல் ஒட்டிய டேப் இறக்கை என்று மாற்றி மாற்றி வீசுங்கள், ஒன்றையே பத்து முறை வீசிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் மாறும், கையும் சோரும். வீசுவது ஒரே ஆளாக இருக்கட்டும். நூல் ஒட்டியதும் டேப் இறக்கையின் தூரம் கூடினால், நூலைப் பிய்த்துவிட்டு மறுபடி ஐந்து முறை வீசுங்கள். தூரம் பழையபடி குறைந்தால் காரணம் படலம்தான், முறுக்கல் இல்லை என்று உறுதியாகிவிடும். நூல் ஒட்டியும் மாற்றம் இல்லை என்றால் அதை 1 செ.மீ. முன்னால் நகர்த்திப் பாருங்கள், அப்போதும் இல்லையென்றால் முறுக்கலைத் தேடுங்கள். எல்லா வீச்சின் தூரத்தையும் நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள் தம்பி, வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.